அம்பு எந்தப் பக்கம்

நவம்பர் 24, ஞாயிறு

ஏனோக்கு நேற்றுக் காலையில் வந்து இறங்கினான். இரண்டு வருஷம் கழித்து வருகிற பிள்ளை. வடக்கே ஒரு மலைக்கிராமத்தில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறான், ஊழியமும் செய்கிறான். கன்னம் ஒட்டிப்போய்க் கழுத்தெலும்பு தெரிய நின்றவனைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். சட்டியை வழித்துச் சாப்பிட்டான். அவன் அப்பா எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷம் ஒரு நாள்கூட முழுசாக நிற்கவில்லை.

இன்று சாயங்கால வேத வகுப்பை மகனையே நடத்தச் சொன்னார் இவர். சபைக்கு மூப்பர், சொன்னால் சொன்னதுதான். வாரம் முழுக்கக் கடையில் பம்ப் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றுகிற சற்குணம், ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றால் வேறு ஆள். மகன் கையில் குச்சியைக் கொடுத்துவிட்டு, சார்ட்டை விரித்து ஆணியில் மாட்டினார்.

அந்தச் சார்ட் என் மாமனார் கைப்பட எழுதியது. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். சுவர் அகலத்துக்குக் காடாத் துணி, அதில் உலகத்தின் கதை முழுவதும் இடமிருந்து வலமாக. சிலுவை. அதை அடுத்து சபையின் காலம் என்று ஒரு மஞ்சள் வட்டம். வட்டத்தின் முடிவில் மேல்நோக்கி ஒரு சிவப்பு அம்பு. கர்த்தர் ரகசியமாக வந்து விசுவாசிகளை எடுத்துக்கொண்டு போகிற நாள் அது. அம்புக்கு அந்தப் பக்கம் ஏழு வருஷ உபத்திரவ காலம், கறுப்புப் பட்டை. அப்புறம் அவர் ராஜாவாக வருவது, ஆயிரம் வருஷ அரசாட்சி, கடைசியில் வெள்ளைச் சிங்காசனம். கறுப்புப் பட்டைக்குள் நாம் இருக்க மாட்டோம், அதற்கு முன்னாலேயே போய்விடுவோம் என்பதுதான் எங்கள் சபையின் தைரியமே.

ஏனோக்கு சிலுவையில் தொடங்கி அழகாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். அம்பு வந்ததும் குச்சி நின்றுவிட்டது. நான் முக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் நிமிர்ந்து பார்த்தேன்.

"இந்த அம்பை இங்க வைக்க என்னால முடியல. நான் படிச்ச வரைக்கும் அது கறுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கு. சபையும் உபத்திரவத்துக்குள்ள போய்த்தான் வெளிய வரும்" என்றான்.

கனகமணி அண்ணாச்சி, இவருக்கு அடுத்த மூப்பர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவர் எழுந்து போய் மகன் கையிலிருந்து குச்சியை வாங்கிக்கொண்டு சார்ட்டைச் சுருட்டினார். முடிவுப் பாட்டுக்கூடப் பாடாமல் கூட்டம் கலைந்தது. வீடு வரைக்கும் அப்பாவும் மகனும் தெருவின் ஆளுக்கொரு ஓரத்தில் நடந்தார்கள். நடுவில் நான், பைபிள் பையைத் தூக்கிக்கொண்டு.

நவம்பர் 25, திங்கள்

எங்கள் சபையில் பெண்கள் பேசக் கூடாது. முக்காடு போட்டுக்கொண்டு கேட்க மட்டும் செய்யலாம். நான் பேச வேண்டியதையெல்லாம் பம்ப் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் கொடுக்கிற இந்த டைரியிடம்தான் பேசுகிறேன். இன்று பேச நிறைய இருக்கிறது.

காலையில் இவர் கடைக்குப் போனதும் ஏனோக்கு அடுக்களைக்கு வந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தான். "எதுக்குல எல்லாரு முன்னாலயும் அப்படிச் சொன்ன? தனியா அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம்லா?" என்று கேட்டேன். கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தான். அப்புறம் சொன்னான்.

அவன் இருக்கிற கிராமத்தில் மங்ரு என்று ஒரு பெரியவர். இவன் மூலமாக விசுவாசத்துக்கு வந்தவர். இவனும் அவருக்கு இதே கதையைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறான், இதே அம்பை மண்ணில் குச்சியால் கீறிக் காட்டியிருக்கிறான். போன வெயில்காலத்தில் ஊர்க்காரர்கள் சிலர் அவர் வீட்டுக்குத் தீ வைத்துவிட்டார்கள். மாடு ஒன்று உள்ளேயே வெந்துபோனது. விடிந்து இவன் ஓடிப்போய்ப் பார்த்தபோது சாம்பலுக்குள் உட்கார்ந்திருந்த அவர் அழவில்லையாம், யாரையும் திட்டவில்லையாம். இவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டிருக்கிறார். உபத்திரவத்துக்கு முன்னாலேயே கர்த்தர் தன் ஆட்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றாயே, இதோ உபத்திரவம் வந்துவிட்டது, அப்படியென்றால் நான் அவர் ஆள் இல்லையா, என்னை விட்டுவிட்டாரா என்று.

"வீடு போனது அவருக்குப் பெரிசாத் தெரியலம்மா. தன்னை விட்டுட்டாருன்னு நெனச்சுட்டாரு. நான் சொல்லிக்கொடுத்ததாலதான் அப்படி நெனச்சாரு." அன்றிலிருந்து வேதத்தை முதலிலிருந்து எடுத்துப் படித்தானாம்.

வெங்காயக் கண்ணீர் என்று சொல்லிக்கொண்டேன். இதை அப்பாவிடம் சொல் என்றேன். அவர் கேட்க மாட்டார் என்றான்.

நவம்பர் 26, செவ்வாய்

கேட்கவில்லைதான். நானே மங்ருவின் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பாடு வேற, உபத்திரவ காலம் வேற. அதைப் பிரிச்சுச் சொல்லிக்கொடுக்காதது இவன் தப்பு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதிலும் ஞாயம் இருக்கிற மாதிரித்தான் தெரிகிறது. யார் சொன்னாலும் ஞாயமாகத் தெரிகிற எனக்குத்தான் நிம்மதி இல்லை.

நவம்பர் 27, புதன்

இவர் ஏழு மணிக்குச் சாப்பிடுகிறார், அவன் எட்டு மணிக்கு. தோசைக்கல்லை இரண்டு தடவை காயவைக்கிறேன். சட்னி ஒன்றுதான். அதையாவது ஒன்றாக வைத்திருக்கிறேன்.

நவம்பர் 28, வியாழன்

ஏனோக்கின் தங்கை பெர்சி இருந்தால் இன்றைக்கு இருபத்திரண்டு வயசு. பாயசம் வைத்தேன். எதற்கென்று அப்பாவும் கேட்கவில்லை, மகனும் கேட்கவில்லை. இரண்டு பேரும் டம்ளரைக் காலிசெய்து வைத்தார்கள்.

டிசம்பர் 1, ஞாயிறு

வாரா வாரம் எங்களுக்கு அப்பம் பிட்குதல் உண்டு. ஒரே அப்பம், ஒரே பாத்திரம், கையிலிருந்து கைக்குப் போகும். சபையின் ஐக்கியத்தில் இல்லாதவர்களுக்குச் சுவரோரமாகப் பின் பெஞ்சு. புதிதாக வருகிறவர்கள், ஞானஸ்நானம் எடுக்காத பிள்ளைகள், தப்புச் செய்து தள்ளிவைக்கப்பட்டவர்கள் அங்கே உட்காருவார்கள். அப்பத் தட்டு அந்தப் பெஞ்சுக்குப் போகாது.

இன்று ஏனோக்கு போய் அதில் உட்கார்ந்தான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே போனான். பக்கத்தில் கால் ஆட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண், அந்தப் பக்கம் பேன்ட் போட்ட விருந்தாளி ஒருவர். நடுவில் என் பிள்ளை. தட்டு என் கைக்கு வந்தபோது பிட்டேன், வாயில் போட்டேன், பின்பக்கம் பார்க்காமல் தட்டை அடுத்தவளிடம் நீட்டினேன்.

கூட்டம் முடிந்து கனகமணி அண்ணாச்சி இவரை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றேன். இந்த மாசக் கடைசியில் சிறப்புக் கூட்டம் இருக்கிறது, நாலு ஊர்ச் சபைகளும் வரும், அதற்குள் அவன் திருந்த வேண்டும், இல்லையென்றால் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை அப்பத்துக்கு முன்னால் மூப்பரே எழுந்து அவனை ஐக்கியத்திலிருந்து நீக்கியதாகச் சொல்ல வேண்டும் என்றார். "இன்னிக்கு அம்பை நகத்துதான். நாளைக்குச் சிலுவையை நகத்துவான். நீரு தகப்பனா மூப்பரான்னு முடிவு பண்ணிக்கிடும்."

கனகமணி அண்ணாச்சி கெட்டவர் இல்லை. பெர்சி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுத்தது அவர்தான். அதனால்தான் அவரைத் திட்டக்கூட வாய் வரவில்லை.

டிசம்பர் 4, புதன்

அண்ணன் தேவபாலன் பனங்கிழங்கு கொண்டு வந்தான். பிறந்த வீட்டில் நாங்கள் சிஎஸ்ஐ சபைக்காரர்கள். குழந்தையில் தலையில் தண்ணீர் தெளித்தது செல்லாது என்று கல்யாணத்துக்கு முன்னால் என்னைக் குளத்தில் முக்கி எடுத்துத்தான் இந்தச் சபையில் சேர்த்தார்கள். அண்ணன் அதை இன்னும் மறக்கவில்லை.

விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். ஆயிரம் வருஷம் என்பதே கணக்கில்லை, அது ஒரு அடையாளம், கிறிஸ்து இப்போதே அரசாண்டுகொண்டுதான் இருக்கிறார், ஒரு நாள் வருவார், நியாயந்தீர்ப்பார், அவ்வளவுதான் என்று எங்கள் சர்ச் போதகர் ஐயர் சொல்லியிருக்கிறார் என்றான். "உங்க ஆளுவ கர்த்தருக்கே ரயில்வே டைம்டேபிள் போட்டுக் குடுக்காவ, எப்சி. அப்பனும் மவனும் எந்த ஸ்டேஷன்ல ஏறதுன்னு சண்டை போடுதாவ."

அப்போதைக்கு எனக்கும் சிரிப்பு வந்தது. அவன் போன பிறகு யோசித்தேன். அண்ணனுக்கு ஒன்றும் அவசரம் இல்லை. அவன் தோட்டத்தில் தென்னை வைத்திருக்கிறான். இவர் தென்னை வைக்க மாட்டார், காய்க்கிற வரைக்கும் நாம் எங்கே இருக்கப்போகிறோம் என்பார். முருங்கைதான் வைப்பார். நானும் இத்தனை வருஷமாக அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஜெபத்துக்கு உட்காருகிறேன். திடீரென்று நாங்கள் போய்விட்டால் பக்கத்து வீடு பற்றிக்கொள்ளக் கூடாதே. இதெல்லாம் பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனம். எங்களுக்கு இதுதான் வாழ்க்கை. அதை என் பிள்ளை ஒரு குச்சியை வைத்துக்கொண்டு ஆட்டிவிட்டான்.

டிசம்பர் 8, ஞாயிறு

மறுபடியும் பின் பெஞ்சு.

ஏனோக்கு 29ஆம் தேதி சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். அடுத்து எப்போது வருவாய் என்று கேட்டேன். பனியனை மடித்தான். மறுபடியும் கேட்டேன்.

"நீக்கினவனோட உக்காந்து சாப்பிடக்கூடக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்லாம்மா. அப்பா அதை மீற மாட்டாரு. நான் எங்க வந்து உக்கார?"

அந்தச் சட்டம் எனக்கு ஞாபகமே இல்லை. இல்லை, ஞாபகம் இருந்தது. யார் வீட்டுப் பிள்ளைக்கோ என்று இருந்துவிட்டேன்.

டிசம்பர் 11, புதன்

மழை. ஹாலைச் சுத்தம் செய்கிற முறை இந்த மாசம் எனக்கும் ரூபி மைனிக்கும். மைனி கனகமணி அண்ணாச்சியின் வீட்டுக்காரி. பெஞ்சைத் துடைத்தோம், ஜன்னலைத் துடைத்தோம், இரண்டு பேரும் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சார்ட்டைப் பிரித்துப் பார்த்தால் ஓரமெல்லாம் பூஞ்சை. நான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துடைத்துக் காயவைக்கிறேன் என்று சொல்லிவிட்டு எடுத்து வந்தேன்.

டிசம்பர் 12, வியாழன்

சார்ட் வெளுத்துப்போய்விட்டது.

பூஞ்சை லேசான ஈரத்துணிக்குப் போகவில்லை. அதனால் அண்டாவில் தண்ணீர் காயவைத்து, கொஞ்சம் சலவைச் சோடா போட்டு, சும்மா ஒரு நிமிஷம் ஊறட்டும் என்று விட்டேன். அந்த நேரம் பார்த்துப் பால்காரன் வந்தான். அப்புறம் அரிசி களைந்தேன். திரும்பி வந்தால் தண்ணீர் ரத்தமாக இருந்தது. மாமனார் பொடி வர்ணத்தை வஜ்ஜிரப் பசையில் குழைத்து எழுதியிருக்கிறார், வெந்நீரில் அத்தனையும் விட்டுவிட்டது. வட்டமும் எழுத்தும் மங்கலாக நிற்கின்றன. அம்பு சுத்தமாக இல்லை.

எத்தனையோ சாயச் சேலை துவைத்தவள் நான். தெரியாதா என்று யாரும் கேட்கலாம். அவசரத்தில் யோசிக்கவில்லை. அவ்வளவுதான்.

டிசம்பர் 13, வெள்ளி

மத்தியானம் சாப்பிட வந்தவர் கொடியில் அதைப் பார்த்தார். கிட்டே போய்த் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் அப்பா கையெழுத்தைத் தேடுகிறார் என்று தெரிந்தது. முப்பது வருஷத்தில் இவர் என்னை அடித்ததில்லை, இன்று அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன்.

"வெந்நீரா?" என்று கேட்டார்.

"ஆமா."

"சோடா போட்டியோ?"

"கொஞ்சம்."

என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "கொஞ்சம்" என்று திருப்பிச் சொன்னார். அப்புறம் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு தடவை ரசம் கேட்டார்.

டிசம்பர் 15, ஞாயிறு

கனகமணி அண்ணாச்சி ஃப்ளெக்ஸ் அடித்துவிடலாம் என்றார். ஒரே நாளில் பளபளவென்று கொடுத்துவிடுவார்கள், கலரும் போகாது. இவர் வேண்டாம் என்றார். அப்பா எழுதின துணி, அதன் மேலேதான் எழுத வேண்டும் என்றார். யார் எழுதுவது என்று அவர் கேட்டதற்கு, பார்ப்போம் என்றார்.

வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மகனைத் தாண்டி வந்து என்னிடம் சொல்கிறார், "அவனுக்கு எழுத்து நல்லா வரும். எழுதுவானான்னு கேளு." நான் திரும்பி, "எழுதுவியால?" என்று கேட்டேன். "எழுதுதேன்னு சொல்லுங்க" என்றான். நானும் திரும்பி, "எழுதுதானாம்" என்றேன். மூன்று பேருக்கும் நடுவில் ஒரு எட்டு தூரம் இருந்திருக்கும்.

டிசம்பர் 17, செவ்வாய்

முன் அறையில் துணியை விரித்து, மூலைக்கு ஒரு செங்கல் வைத்து எழுதுகிறான். இந்த முறை தண்ணீருக்குப் போகாத பெயின்ட். இவர்தான் வாங்கி வந்து, வாசலில் வைத்துவிட்டுப் போனார். வீடெல்லாம் டர்பன்டைன் நாற்றம், குழம்பில்கூட அடிக்கிறது.

கடைக்கும் வீட்டுக்கும் இவர் இன்று நாலு நடை நடந்தார். ஒரு தடவை ஸ்பேனர் மறந்தாராம், ஒரு தடவை கண்ணாடி. வருகிறபோதெல்லாம் துணியை ஓரக்கண்ணால் பார்க்கிறார். வட்டம் கோணியிருக்கிறது என்று அவனிடம் சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை. கோணவும் இல்லை.

டிசம்பர் 20, வெள்ளி

எல்லாம் எழுதி முடித்துவிட்டான். அம்பு மட்டும் இல்லை. மஞ்சள் வட்டத்துக்கும் கறுப்புப் பட்டைக்கும் நடுவில் ஒரு கை அகலத்துக்கு வெறும் துணி. அந்தப் பக்கம் வரைய அப்பா விடமாட்டார், இந்தப் பக்கம் வரைய என் மனசு விடாது, அதனால் அப்படியே விட்டுவிட்டேன் என்றான்.

அப்போதுதான் சொன்னேன். சொல்லக் கூடாது என்று வைத்திருந்தது. பெர்சிக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவன் ஹாஸ்டலில் இருந்தான், பதினாலு வயசு, பரீட்சை நேரம், எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தான். கடைசி நாள் காலையில் அவளுக்கு நல்ல நினைவு இருந்தது. அப்பா, நான் தனியாப் போகணுமா என்று கேட்டாள். இவர் கட்டிலில் உட்கார்ந்து அவள் உள்ளங்கையில் விரலால் அந்தச் சார்ட்டை வரைந்து காட்டினார். சிலுவை, வட்டம், அம்பு. நாம இங்க இருக்கோம், அம்புக்குப் பக்கத்துல. நடுவுல ஒண்ணுமே இல்ல. எந்த நிமிஷமும் வந்துருவாரு, நீ கண்ணை மூடி முழிக்கதுக்குள்ள நாங்களும் வந்துருவோம் என்றார். அவள் கையை மூடிக்கொண்டாள்.

"நடுவுல ஒரு கறுப்புப் பட்டை இருக்குன்னு நீ சொன்னா, அவகிட்ட சொன்னது பொய்யாப் போயிரும்ல. அதுக்குத்தான் உங்க அப்பா இந்தப் பாடு படுதாவ" என்றேன்.

ஏனோக்கு பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க ஒன்றும் இல்லை, துடைத்துக்கொண்டே இருந்தான். நானும் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பதிமூன்று வருஷமாகப் பாயசத்தில் போட்டு மூடிவைத்த அழுகை.

டிசம்பர் 22, ஞாயிறு

கனகமணி அண்ணாச்சி மற்ற ஊர் மூப்பர்களிடமும் சொல்லிவிட்டாராம். அடுத்த ஞாயிறு, அப்பத்துக்கு முன்னால். இவர் தலையை ஆட்டினார். சம்மதத்துக்கா, கேட்டுக்கொண்டதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

டிசம்பர் 24, செவ்வாய்

நாங்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் நட்சத்திரம், எங்கள் வாசலில் மட்டும் சாதாரண பல்பு. முறுக்கு மட்டும் சுட்டேன், அது முறுக்குத்தானே.

நான் அடுப்பில் நிற்கும்போது ஏனோக்கு சிவப்பு டப்பாவைத் திறந்து அம்பை வரைந்துவிட்டான். பழைய இடத்தில். வட்டத்துக்கும் கறுப்புக்கும் நடுவில். பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. முடிந்தது, இனிமேல் யாரும் யாரையும் நீக்க வேண்டாம், ரயிலுக்குப் புளிச்சோறு கட்டலாம், அடுத்த லீவுக்கு வருவான் என்று என் மனசு எங்கெங்கோ ஓடிவிட்டது.

இவர் கடையிலிருந்து வந்து வாசற்படியிலேயே நின்றார். ஒரு மாசம் கழித்து மகனிடம் நேராகப் பேசினார்.

"நம்பித்தான் வரைஞ்சியா?"

ஏனோக்கு பொய் சொல்லத் தெரியாதவன். "இல்லப்பா."

"பின்ன?"

"பெர்சிக்காக. அம்மா சொன்னாங்க."

இவர் என்னைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்தார். குனிந்து, காயாத பெயின்ட்டை அழுத்தி அழுத்தித் துடைத்தார். "ஏல, நான் அவகிட்டப் பொய் சொல்லல. நம்பித்தான் சொன்னேன். இன்னமும் நம்புதேன். அது என் நம்பிக்கை, நான் சுமந்துக்கிடுதேன். நீ நம்பாம எனக்காவ வரைஞ்சேன்னா, அதுதாம்ல பொய். எம்மவ பேரைச் சொல்லி அது வேண்டாம்."

துணியில் இப்போது இளஞ்சிவப்பாக ஒரு தீற்றல்தான் இருக்கிறது. துண்டைத் துவைத்துப் பார்த்தேன். போகவில்லை. முறுக்கு ஒரு ஈடு கருகிவிட்டது.

எனக்கு இவர் மேல் கோபம் கோபமாக வருகிறது. கைக்கு வந்ததைத் தட்டிவிட்டுவிட்டார். ஆனாலும் அவர் சொன்னதும் ஞாயமாகத்தான் தெரிகிறது.

டிசம்பர் 26, வியாழன்

சிறப்புக் கூட்டத்துக்குப் பந்தல்காரர்கள் வந்தார்கள். பருப்பு, அரிசி, காய்கறி. நான் எதைக் கையில் எடுத்தேன், எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. உப்பு ஜாடிக்குள் சர்க்கரையைக் கொட்டிவிட்டேன்.

டிசம்பர் 28, சனி

கூட்டத்தில் சாயங்காலம் இவர் பேசுகிற முறை. சார்ட்டை மாட்டினார். நாலு ஊர்ச் சனமும் பார்த்தது. பெண்கள் பக்கம் முக்காட்டுக்குள் கிசுகிசு. அம்பு எங்கே, துவைத்ததில் போனது திரும்ப வரவில்லையா என்று ஒருத்தி என் காதிலேயே கேட்டாள்.

இவர் வெறுந்துணியில் கையை வைத்தார். எங்கள் முன்னோர்கள் அம்பை இங்கே வைத்தார்கள், நானும் இங்கேதான் வைக்கிறேன், சாகிற வரைக்கும் இங்கேதான் வைப்பேன் என்றார். அப்புறம் கையை எடுத்து, கறுப்புக்கு அந்தப் பக்கம் வைத்தார். இங்கே வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், வேதத்தைப் படித்துத்தான் வைக்கிறார்கள், அவர்களில் சிலர் நாம் படாத பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் என்றார். மங்ருவின் கதையைச் சொன்னார். பேரைக்கூடத் தப்பில்லாமல் சொன்னார். நான் சொன்ன அன்றைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு போன மனுஷன்!

நேரம் போகப் போகக் கனகமணி அண்ணாச்சி கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது. நாளைக்கு என்ன ஆகுமோ.

டிசம்பர் 29, ஞாயிறு

ஹாலில் இடம் இல்லை. ஏனோக்கு பின் பெஞ்சில். அவன் பையை வீட்டில் கட்டி வைத்துவிட்டு வந்திருந்தோம். மேசையில் அப்பம், மேலே வெள்ளைத் துணி.

பாட்டு முடிந்ததும் கனகமணி அண்ணாச்சி எழுந்து, மூப்பர் சபைக்கு ஒரு காரியம் அறிவிக்க வேண்டியிருக்கிறது என்றார். இவர் எழுந்தார். நான் முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

"எம்மவன் அம்பை வேற இடத்துல வைக்கான். தப்புன்னுதான் நான் நெனைக்கேன். அவன்ட்ட சொல்லியிருக்கேன், இன்னமும் சொல்லுவேன். ஆனா இந்த மேசை அம்புக்குச் சொந்தமில்ல, சிலுவைக்குச் சொந்தம். அதை அவன் நகத்தல. அவனை நீக்கதுக்கு எனக்கு ஞாயம் கிடைக்கல."

கனகமணி அண்ணாச்சி பைபிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் தம்பிமார் போனார்கள். அப்புறம் வரிசை வரிசையாக எழுந்தார்கள், பெஞ்சு இழுபடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. ரூபி மைனி என்னைத் தாண்டிப் போகும்போது என் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். பாதி ஹால் காலி. மாமனார் கட்டின சபை, இவர் நெஞ்சில் தூக்கி வளர்த்த சபை. இவர் முகம் சாம்பலாகிவிட்டது. அவர்கள் போகிறதைக் கடைசி ஆள் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார், கூப்பிடவில்லை.

பிறகு துணியை எடுத்தார், ஜெபித்தார், அப்பத்தைப் பிட்டார். தட்டை முன் வரிசைக்குக் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு நடந்தார். பின் பெஞ்சு வரைக்கும் போனார். ஏனோக்கு கை மடியில்தான் இருந்தது.

"அப்பா, நான் மாத்திக்கிடலப்பா."

"தெரியும்ல. எடு."

எடுத்தான். என் முறை வந்தபோது நானும் எடுத்தேன். அழுததில் உப்புக் கரித்தது.

வீட்டுக்கு வந்து மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். யாருக்கும் இறங்கவில்லை. இவர் பாதியிலேயே கை கழுவினார். "கனகமணி வீட்டுக்குப் போணும். அவனும் சாப்பிட்டிருக்க மாட்டான்." சட்டையை மாட்டிக்கொண்டு மகனைப் பார்த்து, "நீயும் வா. ரயிலுக்கு நேரம் கிடக்கு" என்றார்.

நடை இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். கடைசி எக்காளம் என்று பவுல் சொல்கிற இடத்தை நீ எப்படிப் படிக்கிறாய் என்று இவர் கேட்கிறார், அவன் ஏதோ சொல்கிறான், அதெப்படில என்று இவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். தையல் கடைப் பக்கம் போவதற்குள் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிட்டது. இவர் கையை வீசுகிறார், அவன் மறித்து மறித்துப் பேசுகிறான். நட்சத்திரம் கட்டிய வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப்பார்க்கிறார்கள். மூப்பர் வீட்டில் சண்டை என்று ஊரே நினைத்திருக்கும்.

ஒரு மாசமாக இந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. தெரு முனை திரும்பின பிறகும் அப்பா குரலும் மகன் குரலும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தன. நான் வாசலிலேயே நின்றேன், இன்னும் கொஞ்சம் சத்தமாகப் போடட்டும் என்று.